துப்பாக்கியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பு, ஒப்பனை அறைக்கு வெளியே ஓர் அம்மா என்னை நிறுத்தினார். பார்வையாளராக வந்தவர். "தம்பி, இன்னிக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று கேட்டார். "ராணுவத்துல இருந்து திரும்பி வந்தவங்க பல்கலைக்கழகத்துல படிச்ச கதைம்மா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என் மகன் தேசிய சேவையை முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஆகஸ்டுல யூனிவர்சிட்டி தொடங்குது. கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறான், மூடுறான். எல்லாம் மறந்துபோச்சு, நான் போகலைம்மான்னு சொல்றான். அவனுக்கு நான் என்ன சொல்றது தம்பி?"

என்னிடம் உடனே பதில் இல்லை. காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துத் தேசிய சேவைக்குப் போய் வந்தவன். சேவை முடிந்ததும், கணினியில் பாதி நிரப்பிய பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பாமலேயே விட்டவன். எனக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே, இன்று நான் சொல்லப்போகும் வரலாறு அந்த அம்மாவுக்கான பதில். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதிலும் அதுதான்.

நம் ஊர்த் தேசிய சேவையும் உலகப் போரும் ஒன்றல்ல. அந்த ஒப்பீட்டை நான் செய்யவில்லை. ஆனால், சில ஆண்டுகள் சீருடையில் இருந்துவிட்டு மறுபடியும் வகுப்பறை நாற்காலியில் உட்காரும்போது வரும் தயக்கம் இருக்கிறதே, அது எல்லா நாட்டு இளைஞர்களுக்கும் பொதுவானது. அந்தத் தயக்கத்தை ஒரு நாடு மிகப் பெரிய அளவில் சந்தித்து, அதற்காக ஒரு சட்டமே செய்தது. அந்த நாடு அமெரிக்கா. அந்தச் சட்டத்தின் பெயர் ஜி.ஐ. பில்.

அறுபது டாலரும் ஒரு ரயில் டிக்கெட்டும்

முதல் உலகப் போர் 1918ல் முடிந்தது. வீடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது ஏறக்குறைய 60 டாலரும் ஊருக்குப் போக ஒரு ரயில் டிக்கெட்டும்தான். "ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்" என்று நம்மவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதுதான் நடந்தது.

பிறகு 1924ல் அவர்களுக்கு ஊக்கத்தொகை தரச் சட்டம் வந்தது. கையில் கிடைத்ததோ பணமல்ல, ஒரு சான்றிதழ். அதைப் பணமாக்க 1945 வரை காத்திருக்க வேண்டும். இடையில் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. வேலை இல்லை, சாப்பாடு இல்லை. 1932ல் பல்லாயிரம் முன்னாள் வீரர்கள், பலர் மனைவி மக்களோடு, வாஷிங்டன் நகருக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கினார்கள். "எங்கள் பணத்தை இப்போதே கொடுங்கள்" என்பதுதான் அவர்களின் கோரிக்கை. அந்த ஆண்டு ஜூலை 28ஆம் தேதி, ஜெனரல் மக்ஆர்தர் தலைமையில் ராணுவம் வந்து கண்ணீர்ப் புகை வீசி அவர்களை விரட்டியது. குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் ராணுவமே விரட்டிய காட்சி அமெரிக்க மக்களின் மனத்தில் ஆறாத வடுவாகப் பதிந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது தலைவர்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த நினைவுதான். இந்த முறை சீருடை அணிந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் பேர். போர் முடிந்து இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் என்ன ஆவது? கல்விச் சலுகை பிறந்ததற்கு நன்றியுணர்வு ஒரு காரணம் என்றால், அச்சம் இன்னொரு காரணம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஹோட்டல் அறையில் எழுதிய சட்டம்

ஹாரி கோல்மெரி என்பவர் கான்சாஸ் மாநிலத்து வழக்கறிஞர். முதல் உலகப் போரில் விமானப் படைப் பிரிவில் பணியாற்றியவர். அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தேசியத் தலைவராகவும் இருந்தவர். 1943ஆம் ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் மேஃபிளவர் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, அந்த ஹோட்டலின் கடிதத் தாள்களிலேயே மசோதாவின் முதல் வடிவத்தைக் கையால் எழுதினார்.

1944ல் செனட் சபையிலும் மக்கள் சபையிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் மசோதா நிறைவேறியது. ஆனால் இரு சபைகளின் வடிவங்களையும் ஒன்றாக்கக் கூடிய கூட்டுக் குழுவில் சிக்கல் வந்தது. வேலையில்லாத வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை உதவித்தொகை என்று ஒரு பிரிவு இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜான் ரேங்கின் அதை எதிர்த்தார். கறுப்பின வீரர்களுக்கும் அந்தப் பணம் போகும் என்பதே அவருடைய எதிர்ப்பின் அடிப்படை. வாக்குகள் சமமாகப் பிரிந்து நின்றன. தீர்க்க வேண்டிய ஒரு வாக்கு ஜார்ஜியா மாநிலத்தில் தம் வீட்டில் இருந்த உறுப்பினர் ஜான் கிப்சனுடையது. இரவோடு இரவாக அவரைத் தேடிப் பிடித்து, காரில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், விடிவதற்குள் வாஷிங்டனுக்குப் பறக்கவைத்தார்கள். அவர் வாக்களித்த பிறகே சட்டம் பிழைத்தது. நார்மண்டியில் படைகள் கரையேறி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 1944 ஜூன் 22ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

சட்டம் என்ன கொடுத்தது? குறைந்தது 90 நாள் பணியாற்றிக் கண்ணியமாக விலகியவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம், புத்தகச் செலவு. அதோடு வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பம் இருந்தால் 75. பணியாற்றிய காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் 48 மாதம் படிக்கலாம். அன்றைய ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கட்டணம்கூட அந்த 500 டாலருக்குள் அடங்கிவிடும். இதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. "உனக்கு இந்தக் கல்லூரி போதும்" என்று சட்டம் யாருக்கும் எல்லை போடவில்லை. இடம் கிடைத்தால் எங்கு வேண்டுமானாலும் படிக்கலாம்.

பேராசிரியர்களின் அச்சம்

சட்டம் வந்தவுடன் எல்லாரும் கைதட்டிவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1944 டிசம்பரில் ஒரு வார இதழில் கடுமையாக எழுதினார். பணத்துக்காகக் கல்லூரிகள் தகுதி பார்க்காமல் ஆள் சேர்க்கும், படிப்பில் நாட்டமில்லாதவர்களின் கூடாரமாக அவை மாறிவிடும் என்பது அவர் வாதம். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்டும் படிக்கத் தகுதி உள்ளவரையும் இல்லாதவரையும் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லையே என்று கவலைப்பட்டார்.

நடந்தது வேறு. வந்த முன்னாள் வீரர்கள் வகுப்பில் முன்வரிசையைப் பிடித்தார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், இருபத்தைந்து வயது வீரர் நூலகத்தில் இருந்தார். "ஏற்கெனவே மூன்று நான்கு ஆண்டுகள் போய்விட்டன, இனி ஒரு நாளையும் வீணாக்க முடியாது" என்ற அவசரம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் குறையவில்லை, பல இடங்களில் கூடுதலாகவே இருந்தன. கோனன்டும் பிறகு தம் கருத்தை மாற்றிக்கொண்டு, ஹார்வர்ட் கண்ட மிகச் சிறந்த, முதிர்ச்சியான மாணவர்கள் இவர்களே என்று ஒப்புக்கொண்டார்.

1947ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் 49 விழுக்காட்டினர் முன்னாள் வீரர்கள். முதல் சட்டம் 1956ல் முடிவுக்கு வந்தபோது, 78 லட்சம் பேர் ஏதாவது ஒரு கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தார்கள். அவர்களில் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனவர்கள். அந்த 22 லட்சத்தில் பெண்கள் 64,000 பேருக்குச் சற்று அதிகம்.

கொட்டகைக் கல்லூரிகள்

இத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது? எங்கே தங்கவைப்பது? ராணுவம் விட்டுச்சென்ற அரைவட்டத் தகரக் கொட்டகைகளைக் கல்லூரி வளாகங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழைய படை முகாம்களைப் பிரித்து எடுத்துவந்து வீடுகளாக்கினார்கள். நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்சன் கடற்படைப் பயிற்சி நிலையம் 1946ல் அப்படியே கல்லூரியாக மாறியது. சிகாகோவில் ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியர் என்னும் படகுத்துறை மேல் இல்லினாய் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஒரு கிளையைத் திறந்தது. இன்று சிகாகோவில் இருக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படகுத்துறைதான் தொட்டில்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்த பல குடும்பங்களுக்கு மேடிசன் நகரிலிருந்து ஏறக்குறைய 35 மைல் தள்ளி, வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில்தான் இடம் கிடைத்தது. தினமும் பேருந்தில் வந்து போனார்கள். குளிர்காலத்தில் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர் மெல்லியது என்பதால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் இங்கே பாடம் நின்றுவிடும். நம் வீவக வீடுகளின் ஆரம்பக் காலத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிமார் சொல்லும் கதைகளைப் போலத்தான் இருக்கிறது.

வளாக வாழ்க்கையே மாறியது. அதற்கு முன் பல கல்லூரிகளில் மாணவர் திருமணம் செய்துகொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வரிசையாகக் குழந்தை வண்டிகள். முதலாண்டு மாணவர்கள் கேலித் தொப்பி அணிய வேண்டும், மூத்த மாணவரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்ற பழைய வழக்கங்கள் இருந்தன. கடலிலும் காட்டிலும் குண்டுமழையைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் போய்த் தொப்பி போடு என்றால் போடுவாரா? அந்த வழக்கங்கள் பல இடங்களில் அதோடு மங்கிப்போயின.

மனைவிமாரின் உழைப்பையும் சொல்ல வேண்டும். மாதம் 75 டாலரும், 1946 முதல் 90 டாலரும் குடும்பத்துக்குப் போதவில்லை. பல மனைவியர் தட்டச்சு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க் கணவரைப் படிக்கவைத்தார்கள். பட்டமளிப்பு நாளன்று, "கணவரைப் படிக்கவைத்தவர்" என்று அவர்களுக்கும் ஒரு வேடிக்கைப் பட்டம் கொடுக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் வந்தது. வேடிக்கைதான், ஆனால் அந்தப் பெண்களில் பலருக்குச் சொந்தப் படிப்பு கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

உதவி என்பது பணம் மட்டுமா? இல்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் படைக்குப் போனவர்களுக்காக 1942ல் உருவாக்கிய ஜி.இ.டி. என்னும் சமநிலைத் தேர்வு, கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது. ராணுவத்தில் கற்றுக்கொண்ட தொழில்நுட்பப் பயிற்சியைக் கல்லூரிப் பாடமாக ஏற்றுக் கணக்கில் சேர்க்கும் முறை வந்தது. "எதைப் படிப்பது, எனக்கு எது வரும்?" என்று கேட்க வளாகங்களிலேயே வழிகாட்டி நிலையங்கள் திறந்தார்கள். இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் நாம் காணும் மாணவர் ஆலோசனைச் சேவை வளர்ந்ததில் அந்த நிலையங்களுக்குப் பெரிய பங்குண்டு.

சக்கர நாற்காலியில் வந்தவர்கள்

உடல் ஊனமுற்ற வீரர்களுக்காக 1943லேயே தனிச் சட்டம் வந்திருந்தது. பாப் டோல் என்ற இளைஞர் 1945 ஏப்ரலில் இத்தாலியில் படுகாயம் அடைந்து வலது கையின் பயனை இழந்தார். அவர் கல்லூரிக்குத் திரும்பியபோது மனைவி உடனிருந்து எழுதி உதவினார். இடக்கையால் எழுதப் பழகிச் சட்டம் படித்து முடித்தார். அவர் பிற்காலத்தில் செனட்டரானதும் 1996ல் அதிபர் தேர்தலில் போட்டியிட்டதும் உங்களில் பலர் அறிந்ததே.

ஆனால் நடக்கவே முடியாதவர்கள்? இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் கிளை, முன்பு ராணுவ மருத்துவமனையாக இருந்த கட்டடம். படிக்கட்டு இல்லாத அந்த இடத்தில் 1948ல் டிம் நுஜென்ட் என்ற இளைஞர் சக்கர நாற்காலி மாணவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார். அவரும் போரிலிருந்து திரும்பியவர்தான். அடுத்த ஆண்டே அந்தக் கிளையை மூட மாநிலம் முடிவு செய்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சக்கர நாற்காலிகளோடு மாநிலத் தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகத்துக்கும் போய், பலகைகளைச் சரிவாக வைத்து ஏறிக் காட்டி, "எங்களால் முடியும்" என்று நிரூபித்தார்கள். வேண்டா வெறுப்பாக, ஒரு சோதனை முயற்சி என்று சொல்லிப் பல்கலைக்கழகம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

போர்க்காலக் கொட்டகையில் தொடங்கிய அந்தத் திட்டம் படிப்படியாக வளாகத்தையே மாற்றியது. கட்டடங்களுக்குச் சரிவுப் பாதை வந்தது. நடைபாதை ஓரங்களைச் சரித்துவிட்டார்கள். சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள் வந்தன. நுஜென்ட் முன்னின்று நடத்திய ஆய்விலிருந்து 1961ல் அமெரிக்காவின் முதல் தடையற்ற கட்டட விதிமுறை வெளிவந்தது. இன்று நம் பேட்டையில் பாட்டி தள்ளுவண்டியோடு சரிவுப் பாதையில் ஏறிப் போகிறாரே, அத்தகைய வசதிகளின் வரலாற்றில் கால் இழந்த அந்த மாணவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு சிலருக்கென்று செய்த ஏற்பாடு எல்லாருக்கும் பயன்பட்டது.

கதவு திறக்காத வீடுகள்

நேயர்களே, இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதி வரலாற்றைத்தான் சொன்னவன் ஆவேன்.

சட்டத்தின் எழுத்தில் நிறபேதம் இல்லை. நடைமுறையில் இருந்தது. பணத்தைக் கொடுத்தது மத்திய அரசாங்கம். யாருக்கு என்ன என்று முடிவு செய்தவர்கள் உள்ளூர் அதிகாரிகளும் வங்கிகளும் கல்லூரிகளும். தென் மாநிலங்களில் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. கறுப்பினக் கல்லூரிகளோ சிறியவை, இடம் போதாதவை. ஏராளமானோர் தகுதி இருந்தும் திரும்பிப் போனார்கள். வீட்டுக் கடனிலும் இதே கதை. மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947ல் எடுத்த ஒரு கணக்கின்படி, அரசு உத்தரவாதம் தந்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு.

மெட்கர் எவர்ஸ் நார்மண்டியில் பணியாற்றியவர். திரும்பி வந்து மிசிசிப்பியின் ஆல்கார்ன் கறுப்பினக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954ல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். மக்கள் உரிமைக்காகப் போராடிய அவரை 1963ல் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். விமானப் படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய ஜேம்ஸ் மெரடித் அதே பல்கலைக்கழகத்தில் 1962 அக்டோபர் 1ஆம் தேதி முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். முந்தைய இரவு நடந்த கலவரத்தில் இருவர் இறந்தார்கள். ஒரு முன்னாள் வீரர் வகுப்புக்குப் போக, ராணுவமே காவலுக்கு வர வேண்டியிருந்தது.

நம் வட்டாரத்துக்கும் இதில் ஒரு காயம் உண்டு. ஜப்பானியருக்கு எதிராக அமெரிக்கக் கொடியின் கீழ்ப் போரிட்ட பிலிப்பினோ வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர் சலுகைகள் கிடைக்கும் என்ற வாக்குறுதி இருந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவற்றில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டது. 2009ல்தான், உயிரோடு மிஞ்சியிருந்த முதியவர்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலரும் மற்றவர்களுக்கு 9,000 டாலரும் ஒரே தொகையாகக் கொடுத்தார்கள். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பறித்ததை எண்பது, தொண்ணூறு வயதில் கொடுத்து என்ன பயன்?

வியட்னாமும் அதன் பிறகும்

பணம் ஓடும் இடத்தில் ஈயும் மொய்க்கும். வீரர்களின் கட்டணத்தைக் குறிவைத்துப் பெயரளவுத் தொழிற்பள்ளிகள் காளான்களாக முளைத்தன. ஆகவே 1952ல் கொரியப் போர் வீரர்களுக்கு வந்த சட்டம், கல்லூரிக்கு நேராகப் பணம் தருவதை நிறுத்தி, மாணவரிடமே மாதம் 110 டாலரைக் கொடுத்தது. கட்டணமும் சாப்பாடும் அதற்குள்ளேயே. ஏமாற்று குறைந்தது. ஆனால் விலையுயர்ந்த பல்கலைக்கழகங்களின் கதவும் பலருக்குச் சாத்தப்பட்டது.

வியட்னாம் காலத்தில் 1966ல் வந்த சட்டம் மாதம் 100 டாலர்தான் தந்தது. விலைவாசி ஏறியிருந்த காலத்தில் கொரிய வீரருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. வளாகங்களிலோ போர் எதிர்ப்பு அலை. தாம் படையில் இருந்ததை வகுப்புத் தோழர்களிடம் சொல்லாமல் மறைத்தே படித்து முடித்தவர்கள் உண்டு. 1972ல் வந்த ஒரு திட்டம், வளாகத்துக்குள்ளேயே முன்னாள் வீரர் அலுவலகம் வைக்கும் கல்லூரிகளுக்கு மானியம் தந்தது. காசோலை வரவில்லையா, பாடம் புரியவில்லையா, தூக்கம் வரவில்லையா, போய்க் கேட்க ஒரு கதவு கிடைத்தது.

2001க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான புதிய சட்டம் 2008ல் கையெழுத்தாகி 2009 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும், வீட்டு வாடகைப் படி, புத்தகத் தொகை என்று பழைய தாராளம் திரும்பியது. ஆனால் முதல் பருவத்திலேயே விண்ணப்பங்கள் தேங்கிவிட்டன. வாடகை கொடுக்க முடியாமல் தவித்த மாணவர்களுக்கு அந்த அக்டோபரில் அவசரக் காசோலையாக 3,000 டாலர் வரை வழங்க வேண்டியதாயிற்று. 1946லும் காசோலைத் தாமதம்தான் பெரிய புலம்பல்! அறுபது ஆண்டுகளில் கணினி வந்தது, காத்திருப்பு போகவில்லை.

அதே 2009ல் கிளீவ்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில், முன்னாள் வீரர் விவகாரத் துறையின் ஆலோசகரை வளாகத்திலேயே அமர்த்தும் திட்டம் தொடங்கிப் பின்னர் பல வளாகங்களுக்குப் பரவியது. அதற்கு முந்தைய ஆண்டில் மாணவ வீரர்களே தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்திருந்தார்கள். பழைய ஏமாற்றும் புதிய வேடத்தில் திரும்பியது. இலாப நோக்குள்ள பெரிய கல்லூரி நிறுவனங்கள் சில 2015, 2016 ஆண்டுகளில் திடீரென மூடப்பட்டபோது, அவற்றில் படித்த வீரர்களின் சலுகைக் காலமும் வீணாயிற்று. 2017ல் வந்த சட்டம் அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2013ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து சேவையை விட்டவர்கள் இத்தனை ஆண்டுக்குள் படித்தாக வேண்டும் என்ற கெடுவையும் நீக்கியது. அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர், ஹோட்டல் தாளில் எழுதிய அந்த ஹாரி கோல்மெரியின் பெயர்.

அந்த அம்மாவுக்கு என் பதில்

அம்மா, நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

1946ல் அந்தக் கொட்டகைகளுக்குள் நுழைந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கணக்கு மறந்துபோயிருந்தது. அவர்களைத் தேற்றியது வீரமோ அறிவோ மட்டுமல்ல. மாதாமாதம் கைக்கு வந்த ஒரு தொகை, தலைசாய்க்க ஓர் இடம், போய்க் கேட்க ஒரு கதவு, பக்கத்து நாற்காலியில் தன்னைப் போலவே எல்லாம் மறந்துவிட்டு வந்த இன்னொருவர். இந்த நான்கும் இருந்த இடத்தில் அவர்கள் வென்றார்கள். நான்கில் ஒன்றை மறுத்த இடத்தில், அவர்கள் எவ்வளவு திறமைசாலிகளானாலும் தோற்றார்கள். ஆகவே தம்பியைத் தனியாகப் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். அவனோடு சேவை முடித்த இன்னும் இருவரைத் தேடி ஒன்றாக உட்காரச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் உதவி கேட்பது வெட்கம் என்று அவன் நினைத்தால், உலகப் போரில் வென்று வந்தவர்களே கேட்டுத்தான் படித்தார்கள் என்று சொல்லுங்கள்.

இந்த அரங்கில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவரின் இளமையில் சில ஆண்டுகளை நாடு கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு, அவர் படிக்கத் திரும்பும்போது செய்யும் ஏற்பாட்டைத் தயவு என்று எண்ண வேண்டாம். அது பாக்கிக் கணக்கு. ஆறு கடந்த பிறகும் அண்ணன் தம்பியாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே அடையாளம்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். இந்த உரையைத் தயாரிக்கும்போது, பணிபுரிந்துகொண்டே பகுதி நேரமாகப் படிக்கும் பட்டக் கல்வி விண்ணப்பம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். பாதி நிரப்பியாகிவிட்டது. இந்த முறை அனுப்பிவிடுவேன் என்று உங்கள் முன்னிலையில் சொல்லிவிட்டதால், இனித் தப்ப முடியாது.

இப்போது கருத்தரங்கின் பேச்சாளர்களை அழைக்கிறேன்.